எருவேராவின் தொண்டையில் மிஞ்சியது

மெல்லிய எஃகு அலகு ஒன்றைக் கண்ணாடித் தகட்டின்மேல் சாய்த்து வைத்து, ஒரே சீராகத் தள்ளுகின்றன அந்தக் கைகள். அழுத்தம் கூடினால் கண்ணாடியும் சேர்ந்து தூளாக வரும். குறைந்தால் அலகு வழுக்கிக்கொண்டு போகும், ஒன்றும் சேராது. கண்ணாடியில் ஒட்டியிருப்பதை எதிர்வெளிச்சத்தில் பிடித்தால்தான் பார்க்க முடியும். பால் சொட்டு விழுந்து காய்ந்தது போல ஒரு மங்கல். அலகின் நுனியில் அது வெள்ளைப் பொருக்காகச் சுருண்டு ஏறுகிறது. பக்கத்தில் சூடான மேடையில் விரல் நகம் அளவு குழியுள்ள ஓர் உலோக அச்சு. அதன் அடியில் மெழுகு பாதி உறைந்து நிற்கிறது. முழுக்க உருகியிருந்தால் பொருக்கு மிதந்து சிதறிவிடும், முழுக்க உறைந்துவிட்டால் ஒட்டாது. இரண்டுக்கும் நடுவிலுள்ள அந்தச் சில நொடிக்குள் அலகைத் தட்டிப் பொருக்கை உதிர்க்க வேண்டும். கைகள் தட்டுகின்றன. அடுத்த தகட்டை எடுக்கின்றன.

இடக்கைச் சுட்டுவிரலில் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று குறுக்கே ஓடுகிறது. கட்டைவிரல்களில் மெழுகு சுட்ட புள்ளிகள். நகங்கள் சதையோடு ஒட்ட வெட்டப்பட்டவை.

அலமாரியின் மேல்தட்டில் இன்னொரு மெழுகு வில்லை இருக்கிறது. அதற்குள் கொழுத்த டான்சில் சதை ஒன்று, பட்டாணி அளவுக்கு. சாயம் சரியாக ஏறுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக எங்கள் ஆய்வகத்தில் வைத்திருக்கும் சதை. யாரோ ஒரு குழந்தையினுடையது, பெயர் இல்லை. அதிலிருந்து ஒரு துண்டு நறுக்கி இந்த அச்சில் போட்டால் யாருக்கும் தெரியாது. தொண்டையும் தொண்டையும் ஒரே மாதிரிதான் இருக்கும். கைகளுக்குச் சொந்தக்காரி அன்று காலையிலிருந்து மூன்று தடவை அந்தத் தட்டை நிமிர்ந்து பார்த்துவிட்டாள். மூன்று தடவையும் குனிந்துகொண்டாள்.

அவள் பெயர் ரீபெகா. ஆக்லாந்துக்கு வடக்கே, ஹொக்கியாங்கா கழிமுகத்தின் வடகரையில் பிறந்தவள். பதினெட்டு வயதில் இறைச்சி ஆலையில் கத்தி பிடித்தாள். வரிசையாகத் தொங்கிக்கொண்டு வரும் ஆடுகளில் கழுத்து அவள் பங்கு. கழுத்தெலும்பைச் சுற்றிச் சதை சிக்கலாகப் பின்னிக் கிடக்கும், அவசரக்காரர்களுக்கு வராது. எலும்பில் சதை மிச்சம் நின்றால் மேற்பார்வையாளன் அந்த எலும்பை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி, "யார் வீட்டு நாய்க்குங்க இந்த விருந்து?" என்று கேட்பான். ரீபெகா வெட்டிய எலும்பை அவன் ஒருநாளும் தூக்கியதில்லை. மிச்சம் வைக்காமல் வெட்டுவது அவள் கையில் அங்கேதான் ஏறியது.

ஆலை மூடியபோது ஊரில் பாதிப் பேர் வீட்டில் உட்கார்ந்தார்கள். அவள் மருத்துவமனையில் தரை துடைக்கப் போனாள். அங்கிருந்து ஆய்வகத்தில் கண்ணாடி கழுவும் வேலை. கழுவிக்கொண்டே, மெழுகில் புதைத்த சதைத் துணுக்குகளை இயந்திரத்தில் வைத்துச் சீவுபவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் பற்றாத ஒரு குளிர்காலத்தில் அவளையே உட்காரச் சொன்னார்கள். அதன்பின் அந்த நாற்காலியிலிருந்து அவள் எழவில்லை.

சீவுகிற வேலையில் ஒரு சங்கடம் உண்டு. வில்லையைப் பனிக்கட்டியில் குளிரவைத்தால்தான் மெழுகு விறைத்து நிற்கும். அதிகம் விறைத்தால் சீவல் நொறுங்கும். அதற்குக் கடைசி நொடியில் அதன் முகத்தில் ஒரு மூச்சு விட வேண்டும். ஊதக் கூடாது. மூக்குக்கண்ணாடியைத் துடைக்குமுன் விடுவது போல வாயைத் திறந்து ஒரு வெதுவெதுப்பு. முடியிழையில் பத்தில் ஒரு பங்கு தடிமனில் சீவல் நாடா போல நீண்டு வரும். விதிமுறையில் அப்படி எதுவும் எழுதியில்லை, ஆனால் எல்லோரும் செய்வதுதான்.

இன்னொன்றும் உண்டு. வில்லையை இயந்திரத்திலிருந்து கழற்றிவிட்டு மறுபடி மாட்டினால், பழைய கோணத்தில் அது உட்காராது. முகத்தைச் சமன்படுத்தவே கொஞ்சம் சீவித் தள்ள வேண்டும். அந்தச் சீவல் குப்பைக்குத்தான் போகும். அதனால் எங்கள் ஆய்வகத்தில் ஒரு பழக்கம்: முதல் தடவை மாட்டும்போதே சில சீவல்களைக் கூடுதலாக எடுத்து, சாயம் போடாமல் கண்ணாடித் தகடுகளில் ஒட்டி வைத்துவிடுவோம். பின்னால் தேவைப்பட்டால் வில்லையைத் தொட வேண்டாம். தொண்டையிலிருந்து வரும் துணுக்குகள் அவ்வளவு சிறியவை. ஒவ்வொரு தொடுதலும் ஒரு கடி.

எருவேரா அவளுடைய பெரியப்பா மகன். இந்த மண்ணின் பூர்வகுடிகளான எங்கள் இனத்தார் நடத்தும் வானொலியில் சனிக்கிழமை ரக்பி ஆட்டங்களுக்கு அவன்தான் குரல். ஆடுகிறவர்கள் எல்லோரும் அவனுக்கு மாமன் மச்சான்கள், அதனால் ஒருவனையும் விட்டுவைக்க மாட்டான். "பதினோராம் நம்பர் ஓடுறான் பாருங்க! பொண்டாட்டி சோறு ஆறுதுன்னு கூப்பிட்டப்போகூட இந்த வேகம் வந்ததில்ல. ஐயோ, பந்தப் போட்டுட்டான். சரி, சோறும் ஆறிடுச்சு." வெற்றியோ தோல்வியோ, திங்கட்கிழமை ஊர் பேசுவது ஆட்டத்தைப் பற்றியல்ல, எருவேரா சொன்னதைப் பற்றி. வாயில் எப்போதும் ஒரு சிகரெட் புகைந்துகொண்டிருக்கும். அது இல்லாமல் ஒலிவாங்கி முன் உட்கார்ந்தால் நாக்கு புரளாது என்பான்.

ஒரு நாள் சவரம் செய்யும்போது கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. தொண்டையின் பின்சுவரில் மூலம் இருப்பதைக் கண்டுபிடித்து, மருத்துவர் ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தார். அந்தத் துணுக்கு மறுநாள் காலை மெழுகுக்குள் உட்கார்ந்துகொண்டு ரீபெகாவின் மேசைக்கு வந்தது.

சொந்தக்காரர்களுடையது வந்தால் பக்கத்து மேசைக்குத் தள்ளிவிட வேண்டும் என்பது ஆய்வகத் தலைவி ஜாஸ்லின் வைத்திருந்த ஏற்பாடு. ரீபெகா தள்ளவில்லை. வேறு யாராவது வெட்டினால் அரைகுறையாக வெட்டிவிடுவார்கள் என்று நினைத்தாள். அண்ணனுடைய தொண்டைமேல் ஒரு மூச்சு விட்டாள். சீவல் நாடாவாக வந்தது. கூடுதல் தகடுகளையும் எடுத்து ஒட்டிவைத்தாள்.

தொண்டைப் புற்றுக்கு எங்களிடம் ஒரு குறிப்பான் சாயம் உண்டு, பி16 என்பார்கள். சதை முழுக்கப் பழுப்பு ஏறினால் பெரும்பாலும் அது வைரஸால் வந்தது, பாதிக்கு மேல் பிழைத்துக்கொள்வார்கள். ஏறாமல் வெளிர்நீலமாகவே நின்றால் பெரும்பாலும் புகை தந்தது. அது பிடிவாதக்காரப் புற்று. மருத்துவர் பார்ப்பதற்கு முன்பே ரீபெகா சாயத் தொட்டியிலிருந்து தகட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பழுப்பு எங்கும் இல்லை.

அன்று மாலை எருவேரா தொலைபேசியில் கூப்பிட்டான்.

"ஏ ரீபி, என் தொண்டை உன் வீட்டுக்கு விருந்தாளியா வந்திருக்காமே? நல்லா கவனிச்சியா?"

"வந்துச்சுண்ணே."

"என்ன சொல்லுச்சு?"

"டாக்டர் சொல்லுவாரு."

"சொந்த அண்ணன்கிட்டயே ஆபீஸ் பேசுறா பாரு," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பு எப்போதையும் விடக் கொஞ்சம் நீளமாக இருந்தது.

ஃபெர்கஸ் வந்தது அந்தச் சமயத்தில். ஆக்லாந்திலிருந்த ஓர் ஆய்வுக்குழுவைச் சேர்ந்தவன். முப்பது வயது, நிதானமானவன், வரும்போதெல்லாம் தன் மனைவி சுட்ட இஞ்சி பிஸ்கட் டப்பாவோடு வருவான். பழுப்பு ஏறாத தொண்டைப் புற்றுகளைச் சேகரித்துக்கொண்டிருந்தான். மருத்துவமனையின் ஒரு சின்ன அறையில் எருவேராவையும் அவன் மகள் ஹினேவாயையும் சந்தித்தான். ரீபெகாவையும் எருவேரா கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டான்.

"ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் ஆயிரக்கணக்கான மரபணு இருக்கு," என்றான் ஃபெர்கஸ். "எல்லாம் எப்பவும் வேலை செய்யாது. சிலது சும்மா கெடக்கும். சிலது ஓயாம உத்தரவு போட்டுட்டே இருக்கும். உங்க கட்டியில எது சத்தமா பேசுது, எது வாய மூடிட்டு இருக்குன்னு அளக்கப்போறோம்."

"அப்போ இவ்வளவு நாளா என் தொண்டையில நான் ஒருத்தன் மட்டும் கத்தலையா?"

"நிறையப் பேரு கத்திட்டிருக்காங்க."

"எனக்குத் தெரியாம எனக்குள்ளயே ஒரு ரேடியோ ஸ்டேஷன்!" எருவேரா மகளைப் பார்த்தான். "வாடகைகூடக் குடுக்கல பாரு."

ஃபெர்கஸ் சிரித்துவிட்டுத் தொடர்ந்தான். "அந்தச் சத்தத்த வெச்சு, கதிர் சிகிச்சைக்கு யாரோட கட்டி கரையும், யாரோடது கரையாதுன்னு முன்கூட்டியே சொல்ல முடியுமான்னு பாக்குறோம். ஒரு கையளவு மரபணுக்கள் அடையாளம் காட்டும்னு நெனைக்கிறோம். நிச்சயம் இல்ல. உங்க வைத்தியத்துக்கு இதுல ஒண்ணும் வராது, அத இப்பவே சொல்லிடுறேன். உங்களுக்குப் பின்னாடி வர்றவங்களுக்குத்தான் இது."

அவன் அதைத் தெளிவாகவே சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள். ரீபெகாவும் ஆட்டினாள். ஆனால் அவள் மனதின் ஒரு மூலை அதைக் கேட்கவில்லை. அளந்தால் தெரிந்துவிடும், தெரிந்தால் ஃபெர்கஸ் ஒரு வார்த்தை சொல்லாமலா போவான் என்று அந்த மூலை நினைத்துக்கொண்டது.

"நான் அதுல எங்க வருவேன்?" என்றான் எருவேரா.

"ஒரு வரைபடம் போடுவோம். ஒவ்வொருத்தரும் அதுல ஒரு புள்ளி."

"எந்தப் புள்ளி நான்னு காட்டணும். ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டுவேன்." பிறகு ரீபெகாவின் பக்கம் திரும்பினான். "நீ என்ன சொல்றே?"

"குடுங்கண்ணே. நான்தானே வெட்டப்போறேன்."

எருவேரா நாற்காலியில் முன்னால் சாய்ந்தான்.

"சரி. ஆனா மிச்சம் எனக்குத் திரும்பி வரணும். என் தம்பி கால நாங்க எப்படிப் பண்ணோம்னு உனக்குத் தெரியும்."

தெரியும். சர்க்கரை நோயில் முழங்காலுக்குக் கீழே எடுத்த காலை, துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, குடும்ப இடுகாட்டில் பெற்றோருக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். மந்திரம் சொன்னார்கள், அழுதார்கள், பிறகு சாப்பிட்டார்கள். அந்தக் கால் முன்னால் போய் அவனுக்கு இடம் பிடித்து வைத்திருக்கிறது என்று அன்றும் எருவேராதான் சொன்னான். எங்கள் பக்கத்தில் உடம்பில் ஒரு துண்டு வெளியே நின்றால் ஆள் முழுசாகப் போய்ச் சேர்ந்த மாதிரி ஆகாது. மருத்துவமனைகளுக்கும் அது தெரியும். கேட்டால் திருப்பிக் கொடுப்பார்கள்.

"நான் போறப்போ முழுசா போகணும். நீயே கொண்டுவந்து என் கையில குடு. தபால்ல எல்லாம் வேண்டாம்."

"நானே கொண்டு வரேன்," என்றாள் ரீபெகா.

முதல் தடவை வெட்டியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அளப்பதற்குச் சீவல் கொஞ்சம் தடிமனாக வேண்டும். பென்சில் சீவியது போலச் சுருண்டு விழும் சுருள்களைச் சின்னக் குப்பிகளில் போட்டு அனுப்பினாள். வில்லையில் பாதிக்கு மேல் இருந்தது. எருவேரா அப்போது ஆக்லாந்தில் தங்கிக் கதிர் சிகிச்சைக்குப் போய்வந்துகொண்டிருந்தான். முகத்தை அசையாமல் பிடிக்கும் வலைமூடியை மாட்டிக்கொண்டு படம் எடுத்து அனுப்பினான்: "புது ஹெல்மெட். ரெண்டாவது பாதி ஆட்டத்துக்கு ரெடி."

பிறகு ஃபெர்கஸ் கூப்பிட்டான். நீண்ட விடுமுறை வந்து, குப்பிகள் எங்கேயோ ஒரு கிடங்கில் வெயிலில் கிடந்துவிட்டன. அளக்க வேண்டியது சிதைந்துபோயிருந்தது.

"மன்னிச்சிடுங்க ரீபெகா. இன்னொரு தடவை கெடைக்குமா?"

அவள் மறுபடி மாட்டினாள். சமன்படுத்தச் சீவியது குப்பைக்குப் போனது. சுருள்கள் குப்பிக்குப் போயின. எருவேரா கஞ்சிகூட விழுங்க முடியாமல் வயிற்றில் குழாய் வைத்துக்கொண்டு வீடு திரும்பினான். ஜாஸ்லின் வில்லையை வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "கொஞ்சம்தான் இருக்கு. பாத்துக்கோ," என்றாள்.

மூன்றாவது தடவை ஃபெர்கஸ் நேரிலேயே வந்தான். இரண்டாம் சுருள்களில் அளவு வந்திருந்தது, ஆனால் நம்புகிற அளவுக்கு இல்லை. இன்னொரு முறை கிடைத்தால் ஊர்ஜிதம் செய்யலாம்.

"கட்டாயமில்ல," என்றான். "முடியாதுன்னா சொல்லிடுங்க. உங்க சீவல் மாதிரி வேற எந்த ஊர்லேருந்தும் எனக்கு வரல, அதான் கேக்குறேன். கட்டுரையில நன்றின்னு ஒரு பகுதி வரும். அதுல உங்க பேரப் போடப்போறேன்."

இறைச்சி ஆலையிலும் சரி, துடைப்பத்தோடு திரிந்தபோதும் சரி, இந்த நாற்காலியிலும் சரி, ரீபெகாவின் பெயரை யாரும் எங்கும் போட்டதில்லை. அவள் முகம் சிவந்தது.

"அண்ணனோடது என்ன மாதிரின்னு ஏதாவது தெரியுதா? கரையுற மாதிரியா?"

"இந்தத் தடவை சரியா வந்தா ஒரு யூகம் கெடைக்கும். ஆனா நான் அத உங்ககிட்ட சொல்லக் கூடாது. உங்களுக்கே தெரியும்."

"தெரியும் தம்பி. சும்மா கேட்டேன்."

அவள் வில்லையை மாட்டினாள். மெழுகின் நடுவே சதை மீன் செதில் அளவுக்குச் சுருங்கியிருந்தது. செதில் தெரியும்போதே நிறுத்தலாம், நிறுத்த வேண்டும். குளிர்ந்த முகத்தில் மூச்சு விட்டாள். சக்கரத்தைச் சுற்றினாள். முதல் சுருள், இரண்டாவது சுருள். மூன்றாவதில் செதிலின் ஓரங்கள் கரைந்தன. அவள் கை நிற்கவில்லை. எலும்பில் சதை நின்றால் பொறுக்காத கை அது. ஐந்தாவது சுருள் வெறும் மெழுகாக, வெள்ளையாக, சுத்தமாக விழுந்தபோதுதான் சக்கரத்தை நிறுத்தினாள்.

வில்லையைக் கழற்றி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். மறுபக்கத்து மரம் மங்கலாகத் தெரிந்தது.

அன்று மாலை ஹினேவாய் வீட்டுக்கு வந்திருந்தாள். ரீபெகா வில்லையைப் பற்றிச் சொல்லவில்லை. கட்டுரையில் தன் பெயர் வரப்போவதைச் சொன்னாள்.

"ஆன்ட்டி! பெரிய ஆளாயிட்டீங்க!" என்று ஹினேவாய் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

கட்டி கரையவில்லை. கரைந்தது போலப் போக்குக் காட்டிவிட்டு, கழுத்தின் மறுபக்கத்தில் எழும்பி வந்தது. எருவேராவின் குரல் முதலில் கரகரத்தது, பிறகு காற்றாகிவிட்டது. மருத்துவர்கள் இனி வலிக்கு மட்டும் மருந்து என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹினேவாய் தொலைபேசியில் சொன்னாள்: "அப்பா உங்களக் கேக்குறாரு ஆன்ட்டி. 'கொண்டு வரச் சொல்லு'ன்னாரு. நீங்க என்ன கொண்டு வரணும்னு உங்களுக்குத் தெரியுமாம்."

அதே வாரம் ஃபெர்கஸின் அழைப்பும் வந்தது.

"ரீபெகா, ஒரு விஷயம். உங்க அண்ணனோட அளவு இன்னும் கொஞ்சம் குறையுது. முதல் நாள் சாயம் போடாம எடுத்துவெச்ச தகடுங்க இருக்குமே? அதைச் சுரண்டி எடுத்தா போதும். அதுவும் இல்லன்னா அவரப் பட்டியல்லேருந்து எடுக்க வேண்டியிருக்கும். வருத்தமா இருக்கு, ஆனா அரைகுறை அளவ வெச்சுக்க முடியாது."

தகடுகள் இருந்தன. இழுப்பறையில் ஏழு.

அவளுக்குக் கணக்கு உடனே புரிந்தது. தகடுகளைக் கொடுத்தால் எருவேரா புள்ளியாவான், கையில் கொடுக்க ஒன்றும் மிஞ்சாது. கொடுக்காவிட்டால் இதுவரை சீவியதெல்லாம் வீண். அவனைக் கேட்டிருக்கலாம். கேட்பதென்றால் வில்லை தீர்ந்துபோனதைச் சொல்ல வேண்டும், யார் தீர்த்தது என்பதைச் சொல்ல வேண்டும். அவள் கேட்கவில்லை.

"தகடு இருக்கு தம்பி. தர மாட்டேன்."

அவன் வாதாடுவான் என்று எதிர்பார்த்தாள். வாதாடினால் கத்தலாம். விடுமுறை, வெயில், குப்பிகள் என்று எல்லாவற்றையும் அவன் தலையில் போட்டு உடைக்கலாம்.

"சரி," என்றான் ஃபெர்கஸ். "அது உங்க குடும்பத்தோட உரிமை. நான் கேட்டிருக்கவே கூடாதோ என்னவோ." பிறகு, "நன்றியில உங்க பேரு இருக்கும், அத எடுக்க மாட்டேன்," என்றான்.

"எடுத்துடு," என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. தொலைபேசியை வைத்தாள்.

ஏழாவது தகட்டையும் கைகள் சுரண்டி முடிக்கின்றன. குழிக்குள் எல்லாம் சேர்ந்து ஒரு மிளகின் பாதிகூட இல்லை. மேலே ஒரு துளி மெழுகு, அது கெட்டிப்பட்ட பின் இன்னொன்று. பனிக்கட்டியில் வைத்து இறுகவிட்டு அச்சைத் தட்டினால், ஓரம் பிசிறில்லாத, குமிழ் ஒன்றுகூட இல்லாத வில்லை வெளியே விழுகிறது. அவள் செய்தவற்றிலேயே மிகச் சுத்தமானது. நடுவில் மங்கிய வெள்ளையில் ஒரு புள்ளி. டான்சில் சதை இருந்த மேல்தட்டை இப்போது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஜாஸ்லின் எட்டிப் பார்த்தாள், வில்லையைப் பார்த்தாள், கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மதியம் ரீபெகா கழிமுகத்தைப் படகில் தாண்டி எருவேராவின் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருந்தார்கள். அடுப்பில் பன்றியெலும்பும் கீரையும் வெந்துகொண்டிருந்தன, வந்துபோகிறவர்களுக்காக. வானொலியில் ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. புதிதாக வந்த பையன் பேசிக்கொண்டிருந்தான்: "பந்து இப்போ நடுக்கோட்டில். நல்ல ஆட்டம். இருவரும் நன்றாக ஆடுகிறார்கள்."

எருவேரா கட்டிலில் சாய்ந்தபடி அந்த வானொலியைப் பார்த்துக் கையை விசிறினான், ஈ ஓட்டுவது போல. பாதியாக இளைத்திருந்தான். கண்ணில் மட்டும் பழைய குறும்பு. ரீபெகாவைக் கண்டதும் இரண்டு விரலால் காற்றில் ஓட்டம் காட்டினான். ஓட்டக்காரன் வருகிறான், தடுக்க ஆளில்லை. பிறகு ஒரு கையால் மறுகையைத் தட்டிப் பந்து கீழே விழுந்ததாகக் காட்டினான்.

ஹினேவாய் சிரித்தாள். "உங்களத்தான் சொல்றாரு ஆன்ட்டி. 'எப்பவும் லேட்டா வந்து பந்தப் போட்டுடுவா'ங்குறாரு."

ரீபெகா குனிந்து, எங்கள் முறைப்படி வணக்கம் சொல்ல, அவன் நெற்றியிலும் மூக்கிலும் தன்னுடையதை வைத்தாள். அவன் மூச்சில் மருந்து வாடை. அருகில் உட்கார்ந்தாள். பையிலிருந்து வெள்ளைத் துணியில் சுற்றியதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லணும்."

அவன் அவளைப் பேசவிடவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவள் காதை அவன் வாயருகே கொண்டுபோனாள். குரல் இல்லை, காற்று மட்டும்.

"ரேடியோ... என்ன சொல்லுச்சு?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. ஜன்னலோர வானொலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது இல்ல ஆன்ட்டி," என்றாள் ஹினேவாய். "அப்பா தொண்டையோட ரேடியோ. ஃபெர்கஸ் வரைபடம் போட்டாச்சா, என் புள்ளி எங்கன்னு தினமும் கேக்குறாரு. வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்காரு. உங்க பேரு வேற அதுல வருதுல்ல."

அடுப்பிலிருந்த பானையின் மூடி தடதடத்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"புள்ளி இல்லண்ணே," என்றாள் ரீபெகா. "உங்கள எடுத்துட்டாங்க. அளவு பத்தல. இன்னும் கொஞ்சம் கேட்டாங்க, நான்தான் தரலன்னுட்டேன். இதுக்காக." துணியைத் தொட்டாள். "அதுக்கு முன்னாடி கேட்டப்போ எல்லாம் குடுத்தேன். நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தல. முழுசும் நான் வெட்டுனதுதான். இது ஓரமா எடுத்து வெச்சிருந்தத சுரண்டி..."

ஹினேவாய் அவளையே பார்த்தாள்.

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஆன்ட்டி."

"மிச்சம் வேணும்னு சொன்னாரே."

"அது எங்களுக்காகச் சொன்னது. நாங்க அழுவோமேன்னு. புள்ளிதான் அவரு தனக்காகக் கேட்டது." அவள் குரல் உயரவில்லை. "அதுல உங்க பேரு மட்டும் இருக்கும், இல்ல?"

ரீபெகா தலையாட்டினாள்.

எருவேரா கண்ணை மூடிக்கொண்டான். வானொலியில் யாரோ கோடு தாண்டிப் பந்தை வைத்திருக்க வேண்டும், கூட்டம் கத்தியது. புதுப் பையன் சொன்னான்: "நல்ல ஆட்டம்." எருவேராவின் உதடு ஓரம் துடித்தது, ஏதோ சொல்ல வந்து இல்லாமல் போனது போல. பிறகு கண்ணைத் திறக்காமலே கையை மட்டும் நீட்டினான், உள்ளங்கை மேலே தெரிய.

ரீபெகா துணியை விரித்தாள். வில்லை அவள் மடிச் சூட்டில் லேசாக வெதுவெதுத்திருந்தது. அதை எடுத்து, புள்ளி இருக்கும் பக்கம் மேலே வருமாறு திருப்பி, அவன் கையில் வைத்தாள்.